19 நாள், ஒரு மீன்

பிப்ரவரி 28, திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். மழை நசநசவென்று விடாமல் பெய்துகொண்டிருந்தது. விரல்கள் மரத்துப்போய், ரீலின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசி வீச்சு, கடைசி வீச்சு என்று சொல்லிச் சொல்லியே இருபது வீச்சு வீசிவிட்டேன். அப்புறம் வெளிச்சம் போய்விட்டது. நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரையேறினேன். மறுநாள், 2022 மார்ச் 1 முதல், வாஷிங்டன் மாநிலத்தின் கடலோர ஆறுகள் எல்லாம் ஸ்டீல்ஹெட் தூண்டிலுக்கு மூடல். வழக்கமாக ஏப்ரல் வரை திறந்திருக்கும் ஆறுகள் இவை. நல்ல மீன் வருகிற மாதமே மார்ச்தான்.

டிசம்பரிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் 19 நாள் தண்ணீரில் நின்றிருக்கிறேன். கிடைத்தது ஒரே ஒரு மீன். அந்த ஒரு மீனைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கும்.

ஸ்டீல்ஹெட் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம், அறிவியல் பெயர்கூட ஒன்றேதான். ஒரே தாய் இட்ட முட்டைகளில் பிறந்த குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கி, ஒரு முழ நீளத்துக்குள் வளர்ந்து, அங்கேயே வாழ்ந்து முடித்துவிடும். சில மட்டும் இரண்டு மூன்று வருஷம் ஆற்றில் இருந்துவிட்டு, ஒரு வசந்தகாலத்தில் உடம்பின் புள்ளியெல்லாம் மறைந்து வெள்ளியாகி, கடலுக்கு இறங்கும். எது தங்கும், எது இறங்கும் என்பதில் பிறவியும் உண்டு, ஆற்றில் கிடைக்கும் இரையும் குளிரும் உண்டு. இறங்கியவை வடபசிபிக்கின் நடுக்கடல் வரை போய், இரண்டு மூன்று வருஷம் தின்று கொழுத்து, எட்டு பவுண்டு, பத்து பவுண்டு, சில சமயம் இருபது பவுண்டு உடம்போடு பிறந்த ஆற்றுக்கே எதிரேறி வரும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து, மெலிந்துபோய்க் கடலுக்குத் திரும்பி, தேறி, மறுபடியும் வரும். நடுக்குளிர்காலத்தில், வெள்ளம் வடியும் ஆற்றில், ஏறக்குறைய ஒன்றும் தின்னாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கும் மீனை முள்ளில் கட்டிய ஒரு இறகுக் கொத்தைக் கவ்வ வைப்பது என்பது நடக்காத காரியம் மாதிரிதான் இருக்கும். ஆயிரம் வீச்சு மீன் என்று இங்கே பெயர். ஆயிரம் என்பது நல்ல காலத்துக் கணக்கு.

பத்து வருஷமாக எனக்குக் குளிர்காலம் என்றால் ஒரே பாதைதான். சியாட்டில் பக்கத்து எட்மண்ட்ஸில் விடிகாலைப் படகு, கிங்ஸ்டனில் இறங்கி ஹூட் கால்வாய்ப் பாலம், அப்புறம் 101 நெடுஞ்சாலையில் கிரெசண்ட் ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து ஃபோர்க்ஸ் ஊர். எப்படியும் நாலு மணி நேரம் ஆகிவிடும். வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிற ஊர் அது. ஊரைச் சுற்றி போகஷீல், கலவா, சோல் டக் என்று மூன்று ஆறுகள். அவை கூடி குவிலயூட் என்று பெயர் மாறி, சில மைல் ஓடி, லா புஷ்ஷில் கடலில் விழும். கொஞ்சம் தெற்கே ஹோ ஆறு. ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறையில் பிறக்கிற ஆறு அது. வெள்ளம் வடிந்து, தண்ணீர் பச்சை கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்து, முழங்கால் ஆழத்தில் நம் கால் நமக்குத் தெரிகிற அந்த ஒன்றிரண்டு நாளுக்காகத்தான் வாரம் முழுக்க ஆற்று அளவுமானியின் கன அடிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். மேட்டூருக்கு நீர்வரத்து இத்தனை கன அடி என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த எண்களைப் பார்த்தாலே நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.

ஏன் நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும், வீட்டுப் பக்கத்தில் ஆறே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் விழுகிற ஆறுகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007இலேயே அழிவு அச்சுறுத்தலில் உள்ளவை என்று மத்திய அரசின் பட்டியலுக்குப் போய்விட்டது. இரு கைத் தூண்டிலால் வீசும் ஒரு முறைக்கே பெயர் கொடுத்த ஸ்காஜிட் ஆற்றில் 2010க்குப் பிறகு வசந்தகாலச் சீசனே இல்லாமல் போய், 2018இல்தான் பிடித்து விடுவதற்கு மட்டும் சில நாள் திறந்தார்கள். அங்கே மூட மூட, இரு கைத் தூண்டில்காரர்கள் எல்லாம் மேற்கே கடலோரத்துக்கு வண்டியைத் திருப்பினோம். நானும் அப்படி வந்தவன்தான். இதை மறைப்பதற்கில்லை.

போகும் வழியில் தாண்டுகிற ஹூட் கால்வாய்ப் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மிதவைப் பாலம், ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளம். நடுவில் தூண்கள் கிடையாது, பெரிய பெரிய கான்கிரீட் மிதவைகள் தண்ணீருக்குள் பத்தடிக்கு மேல் இறங்கியிருக்கின்றன. கடலுக்குப் போகிற ஸ்டீல்ஹெட் குஞ்சு தண்ணீரின் மேல்மட்டத்தில் நீந்துவது. மிதவையில் வந்து முட்டி, வழி தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்போது சீல் என்னும் கடல்நாய்களும் மற்றவையும் பிடித்துத் தின்றுவிடுகின்றன. குஞ்சுகளின் உடம்பில் ஒலி எழுப்பும் சின்னக் கருவி வைத்துப் பின்தொடர்ந்து பார்த்ததில், பாலம் வரை உயிரோடு வந்தவற்றில் சில சமயம் பாதி அளவுக்குப் பாலத்தைத் தாண்டாமலே செத்துவிடுகின்றன என்று தெரியவந்தது. பிறந்த ஆற்றில் வெள்ளம், மீன்கொத்தி, நாரை எல்லாம் தப்பித்து வந்த குஞ்சுகள் அவை. ஃபோர்க்ஸ் ஆறுகளின் மீன்கள் இந்தப் பக்கம் வருவதில்லை, அவை நேராகத் திறந்த கடலுக்குப் போய்விடும். ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தப் பாலத்தின் மேல் போகும்போதும் என் சக்கரத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்ற நினைப்பு வராமல் இருப்பதில்லை. சக்கரம் என்றதும் இன்னொன்று. டயர் வெடிப்பு விடாமல் இருக்கச் சேர்க்கிற ஒரு ரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து மாறி, மழைத்தண்ணீரில் கழுவிக்கொண்டு ஓடைக்குப் போய், கோஹோ சால்மனைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகிறது என்று இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் 2020 டிசம்பரில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மீனைப் பார்க்க இவ்வளவு தூரம் டயர் தேய ஓட்டுகிறவன் நான்.

ஃபோர்க்ஸில் எனக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். எழுபது தாண்டியவர், மரம் வெட்டும் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர், இந்த ஆறுகளில் ஆறு வயதிலிருந்து தூண்டில் போடுகிறவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் போகஷீல் கரையில் நான் வீசுகிற கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து தூண்டிலை வாங்கி, ஒரே ஒரு முறை வீசிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றையிலிருந்து பழக்கம். அவரிடம் மரப்படகு ஒன்று இருக்கிறது, அவரே கட்டியது. இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த படகு.

2020 டிசம்பரில் புது விதி வந்தது. படகிலிருந்து தூண்டில் போடக்கூடாது. படகு போக வர மட்டும்தான், மீன் பிடிக்க வேண்டுமென்றால் இறங்கித் தண்ணீரில் நிற்க வேண்டும். இரை வைக்கக்கூடாது. ஒற்றை முள்தான், அதிலும் பின்னோக்கி நிற்கும் அந்தக் குட்டி முள்ளை இடுக்கியால் நசுக்கியிருக்க வேண்டும். படகுக்குத் தடை என்றதும் நிறையப் பேர் கொதித்தார்கள். எனக்கு அந்த விதியில் நியாயம் தெரிந்தது, ஏனென்றால் படகில் இருப்பவன் எட்டாத இடமே இல்லை, கரையில் நிற்பவன் கைக்கு எட்டாத ஆழத்தில் மீனுக்கு ஒளிய இடம் இருக்கும். ஆனால் பெரியவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. உருண்டைக் கல்லில், ஓட்டத்தில், அவரால் நிற்க முடியாது. அந்த விதியோடு அவருடைய தூண்டில் முடிந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நான் துடுப்புப் போடுகிறேன், நீ வீசு" என்றார். இரண்டு குளிர்காலமாக அப்படித்தான் நடக்கிறது. நான் இறங்கி வீசுவேன், அவர் நங்கூரம் போட்ட படகில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, நான் வீசுவதைவிடக் கவனமாக நரம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சீசன் மோசமாக இருக்கும் என்று கோடையிலேயே தெரிந்துவிட்டது. 2021 ஜூன் கடைசியில் அந்தப் பயங்கர வெப்ப அலை வந்ததே, அதற்குப் பின் கெட்ட செய்தியாகவே வந்துகொண்டிருந்தது. கொலம்பியா ஆற்றின் போனவில் அணையில் 1938இலிருந்து மீன் ஏணியில் ஏறும் மீன்களை எண்ணிவருகிறார்கள், அந்த எண்பத்துச் சொச்சம் வருஷத்தில் கோடைக்கால ஸ்டீல்ஹெட் மிகக் குறைவாக வந்த வருஷங்களில் 2021உம் ஒன்று. ஓரிகனில் நார்த் அம்ப்குவாவை ஆகஸ்டில் மூடினார்கள், டெஷூட்ஸின் கீழ்ப்பகுதியை செப்டம்பரில் மூடினார்கள். அக்டோபரில் கனடாவின் ஸ்கீனா. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஸ்டீல்ஹெட்டுக்காக ஆட்கள் வந்து சேர்கிற ஆறு அது. அதன் முகத்துவாரத்தில் 1956இலிருந்து வைத்திருக்கிற கணக்கில் இவ்வளவு குறைவாக ஒருபோதும் வந்ததில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள். அதே கனடாவின் தாம்சன் ஆற்று மீனைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதை அழிவின் விளிம்பில் இருப்பது என்று 2018இலேயே அவசர மதிப்பீடு செய்துவிட்டார்கள்.

நவம்பர் கடைசியில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் குவீட்ஸ், குயினால்ட் ஆறுகளின் பகுதிகளும் மூடின. அப்படியென்றால் அங்கே போகிறவர்கள் எங்கே வருவார்கள்? எங்கள் ஆறுகளுக்குத்தான். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஹோ ஆற்றின் படகுத்துறையில் வண்டி நிறுத்த இடமில்லை. ஓரிகன், ஐடஹோ, மொன்டானா எண்பலகைகள். எல்லோரும் என்னைப் போல மீனின் மேல் பைத்தியமாக இருப்பவர்கள்தான், கெட்டவர்கள் யாருமில்லை. ஆனால் திறந்திருக்கிற ஆறு குறையக் குறைய, மிச்சம் இருக்கிற ஆற்றில் ஆள் கூடிக்கொண்டே போகிறது. மீன் குறைகிறது, முள் கூடுகிறது. இந்த ஒரு கணக்குதான் இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

டிசம்பரில் ஏழு நாள். ஒன்றும் தொடவில்லை. ஜனவரி முதல் வாரம் பெரிய வெள்ளம், தெற்கே செஹேலிஸ் ஊரில் நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள். எங்கள் ஆறுகளும் காப்பி நிறத்தில், முழு மரங்களை உருட்டிக்கொண்டு ஓடின. மரம் போகிற சத்தம் கேட்டால் அடிவயிறு கலங்கும். வடிந்ததும் போனேன், ஜனவரியில் ஐந்து நாள். ஒரு முறை ஒரே ஒரு தட்டு. நரம்பு ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது, அவ்வளவுதான். அது மீனா, உருண்டுபோன கிளையா என்று இன்னமும் சொல்ல முடியாது. பெரியவர் மீன் என்றார். அவர் சொன்னால் மீன்தான்.

வெள்ளத்தில் வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஒரு நாள் அவர் தன் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். 1968இலிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு. ஈரத்தில் ஊதி, தாள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது மெல்ல உரிகிற சத்தம் வருகிறது. தேதி, ஆறு, தண்ணீர் எப்படி, எத்தனை மீன், ஆணா பெண்ணா. பென்சில் எழுத்து. எண்பதுகளில் டிசம்பர் மாதப் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. அப்புறம் வர வர டிசம்பர் மெலிந்து, எழுத்தெல்லாம் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் நகர்ந்துகொண்டே போகிறது. நான் அதைக் கவனித்தேன் என்று தெரிந்ததும் அவரே விளக்கினார். ஹேட்சரியில், அதாவது குஞ்சு பொரிக்கும் பண்ணையில், வளர்த்து விடுகிற மீன்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் திரும்பி வருகிற மாதிரி வம்சம் பார்த்து எடுத்தவை. அவற்றைப் பிடிக்க அந்த இரண்டு மாதமும் தூண்டிலும் வலையும் நெருக்கி விழுந்தன. அதே மாதத்தில் சேர்ந்து வந்த இயற்கை மீன்களும் அதோடு போய்விட்டன. முன்கூட்டி வருகிற குணம் உள்ள மீன்களே ஆற்றில் அருகிவிட்டன. இயற்கை ஸ்டீல்ஹெட்டை வருஷத்துக்கு ஒன்று வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்ற விதி இந்த ஆறுகளில் 2016இல்தான் முழுதாக நின்றது. சோல் டக்கில் 2012இலேயே ஹேட்சரி வேண்டாம், இது இயற்கை மீனின் விதைநெல் ஆறாக இருக்கட்டும் என்று ஒதுக்கினார்கள். நல்ல முடிவு. இன்னும் இருபது வருஷத்துக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

சரி, அந்த மீன்.

பிப்ரவரி 12, சனிக்கிழமை. ஹோ ஆறு மூவாயிரம் கன அடிக்குக் கீழே இறங்கி, நிறம் கூடிவந்திருந்தது. பெரியவர் ஒரு நீளமான கல்மேட்டின் தலைப்பில் என்னை இறக்கிவிட்டார். குறுக்கே வீசவேண்டும், ஓட்டம் நரம்பை வளைத்து மெல்ல நம் கரைப்பக்கம் கொண்டுவரும், முழுதாக வந்து நின்றதும் இரண்டு எட்டு கீழே நகர்ந்து மறுபடி வீசவேண்டும். இவ்வளவுதான் வேலை. மதியம் வரை இதையே செய்துகொண்டிருந்தேன். கல்மேட்டின் வால் பக்கம், ஓட்டம் தளர்ந்து பட்டுத்துணி விரித்த மாதிரி ஆகிற இடத்தில், நரம்பு கனத்தது. இலைக்கொத்து என்று நினைத்தேன். அந்தக் கனம் அப்படியே ஆற்றுக்கு நடுவே நடந்துபோக ஆரம்பித்தது. அப்புறம் ரீல் அலறியது.

ஏழெட்டு நிமிஷம் இருக்கும். முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன், இடுப்பு வரை தண்ணீர். இயற்கை மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கக்கூடாது, அது விதி. விதி இல்லாவிட்டாலும் தூக்கமாட்டேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு முழுசாக இருந்தது. ஹேட்சரி மீனுக்கு அதை வெட்டிவிட்டிருப்பார்கள், இது ஆற்றில் பிறந்தது. பெண் மீன். இரண்டரை அடிக்குக் கூடவே இருக்கும். முதுகு ஈர ஸ்லேட் நிறம், பக்கமெல்லாம் வெள்ளி, செவுள் மூடியில் மட்டும் இப்போதுதான் ஏறத் தொடங்கிய ஒரு ரோஜா நிறம். என் முள் வலது கடைவாயில் மாட்டியிருந்தது, தொட்டதும் கழன்றுவிட்டது.

இடது பக்கம் பார்த்தேன். தாடையில் இன்னொரு ஓட்டை. கிழிந்த ஓரம் வெளுத்து, உள்ளே இன்னும் சிவப்பு ஆறவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு மேல் இருக்காது. வால் அடியில் ஒரு கை அகலத்துக்குச் செதில் உதிர்ந்திருந்தது, யாரோ இறுக்கிப் பிடித்த இடம்.

பெரியவர் படகிலிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. "இதை நமக்கு முன்னாலேயே ஒருத்தர் பார்த்தாயிற்று" என்றார்.

கையை எடுத்துவிட்டேன். மீன் உடனே போகவில்லை. என் பூட்ஸுக்குப் பக்கத்தில், ஓட்டத்துக்கு மறைவாக, ஒரு கல்லை ஒட்டி நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. தண்ணீர் உடைக்குள் புகுந்து, கால் இருக்கிறதா என்றே தெரியாத குளிர். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அப்புறம் ஒரு வால் அசைவில் கலங்கலுக்குள் போய்விட்டது.

பிடித்து விட்டுவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று பல வருஷம் நான் மனதார நம்பினேன். பத்து மீனில் ஒன்று அதற்கு அப்புறம் செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டுதான் இங்கே வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். நல்ல குளிர்ந்த தண்ணீரில், நல்ல கையில், அதைவிடக் குறைவாகவே இருக்கும், சரி. ஆனால் ஒரே மீன் இரண்டு தடவை, மூன்று தடவை பிடிபடுகிறதென்றால்? உள்ளே கொண்டுவந்திருக்கிற கொழுப்பைத் தவிர வேறு சாப்பாடில்லாமல், அதை வைத்தே ஏறி, குழி தோண்டி, முட்டையிட்டு, முடிந்தால் கடலுக்கும் திரும்ப வேண்டிய உடம்பு அது. ஒவ்வொரு இழுப்பும் அந்தக் கொழுப்பிலிருந்து போகிறது. எனக்கு நெஞ்சு படபடத்த அந்த ஏழெட்டு நிமிஷம் அதற்கு என்ன விலை என்று அன்றைக்கு முதல் தடவையாக எதிரே வைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அதற்குப் பின்னும் நாலு நாள் போனேன், கடைசி நாள் உட்பட. அந்த நாலு நாளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

படகுத்துறையில் நின்று பேசினால் ஒவ்வொருவரும் ஒரு குற்றவாளியைச் சொல்வார்கள். சீல் என்பார் ஒருவர், ஹேட்சரியை மூடியதுதான் என்பார் ஒருவர், வழிகாட்டிகள் கூடிவிட்டார்கள் என்பார் ஒருவர். நிறையப் பேர் பழங்குடி மக்களின் வலையைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் சும்மா இருப்பதில்லை. குவிலயூட், ஹோ, குயினால்ட் மக்கள் 1850களில் ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கொடுத்தபோது மீன் பிடிக்கிற உரிமையைக் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஒப்பந்தத்தை மாநிலம் மதிக்காமல் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டு, கடைசியில் 1974இல் நீதிபதி போல்ட் பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்புச் சொன்னார். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. விளையாட்டுக்கு வீசுகிற நான் அந்த வலையைக் கைநீட்டிப் பேசுவது தகாது.

பெரியவர் வேறு மாதிரி பேசுவார். ஓடைக்கரை வரை மரத்தை வெட்டினோம், மலைச்சரிவு மண்ணெல்லாம் இறங்கி முட்டையிடும் கூழாங்கல்லை மூடியது, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பார். அதைவிட அவருக்கு வலிப்பது இன்னொன்று. அந்தக் காலத்தில், ஓடைக்குள் விழுந்து கிடக்கும் மரங்கள் மீனுக்குத் தடை என்று நினைத்து, மேலிடத்திலேயே சொல்லி, இயந்திரம் வைத்து இழுத்து வெளியே போட்டார்கள். அவரும் இழுத்தார். அந்த மரங்கள்தான் வெள்ளத்தின் வேகத்தைத் தடுத்து, மடுவைத் தோண்டி, கூழாங்கல்லைப் பிடித்துவைத்து, குஞ்சுக்கு மறைவு கொடுத்துக்கொண்டிருந்தவை. இப்போது அதே மாதிரி மரங்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து திரும்ப ஓடையில் போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் எவ்வளவு செலவாகும் என்று அவர் யோசித்துக்கொண்டே இருப்பார்.

கடலையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2014இலிருந்து 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் ஒரு பெரிய வெப்பக் கடல் பரப்பு நின்றது, இரை மெலிந்தது, அதற்குப் பின்னும் வெப்பம் திரும்பத் திரும்ப வந்தது. கடலில் நடப்பதை என் ஒருத்தன் கையால் மாற்ற முடியாது. முள்ளை வீசுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. அதனால்தான் மார்ச் மூடலை நான் முழு மனதாக ஏற்கிறேன். போதுமான மீன் முட்டையிடப் போவதில்லை என்று தெரிந்தால் மூடத்தான் வேண்டும், சீசன் பாதியில் இருந்தாலும் சரி. அடுத்த குளிர்காலம் திறந்தால்? ஆற்றில் நிற்காமல் என்னால் இருக்க முடியாது, உண்மை. முள்ளின் முனையை வெட்டிவிட்டு வீசுகிறவர்கள் சிலர் உண்டு. மீன் கவ்வும், இழுக்கும், விட்டுவிட்டுப் போய்விடும். அந்த இழுப்பு மட்டும் நமக்கு. இடுக்கியை எடுத்து என் பெட்டியில் இருக்கிற அத்தனை முள்ளின் முனையையும் போன வாரம் வெட்டிவிட்டேன். மேஜை மேல் சின்னச் சின்னக் கம்பித்துண்டாகச் சிதறிக் கிடந்தது.

இதற்கு நடுவில் எல்வாவை நினைத்துக்கொள்கிறேன். ஃபோர்க்ஸ் இருக்கிற அதே ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடக்குப் பக்கத்து ஆறு. நூறு வருஷமாக இரண்டு அணைகள் அதை மறித்து நின்றன. 2011இல் இடிக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். ஆறு திறந்ததும் கோடையில் ஏறுகிற ஸ்டீல்ஹெட், ஏறக்குறைய இல்லாமலே போயிருந்த ஒன்று, தானாகத் திரும்ப வந்தது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அணைக்கு மேலே மாட்டிக்கொண்டு, கடலையே பார்க்காமல், தலைமுறை தலைமுறையாகச் சின்ன ரெயின்போ டிரவுட்டாகவே வாழ்ந்த மீன்களிடம் அந்தக் குணம் அழியாமல் இருந்திருக்கிறது.

போன சனிக்கிழமை தூண்டில் இல்லாமல் ஃபோர்க்ஸ் போனேன். பெரியவர்தான் கூப்பிட்டார். வண்டியில் ஒரு பழைய காட்டுப்பாதை முடிவு வரை போய், அங்கிருந்து அவர் கைத்தடியோடு, நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்ன ஓடைக்கு நடந்தோம். பத்தடி அகலம்கூட இருக்காது. பாசி மூடிய மேப்பிள் மரத்துக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் கண் பழகியது. ஓடையின் தரையெல்லாம் பழுப்பாக இருக்க, ஓரிடத்தில் மட்டும், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு, கூழாங்கல் கழுவிவிட்டது மாதிரி வெளுத்திருந்தது. அதன் மேல் ஒரு பெண் மீன். திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து வாலால் படபடவென்று அடித்தது, வெள்ளி வயிறு மின்னியது, கல் உருண்டு பின்னால் போனது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. வாலின் கீழ் நுனி தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. பின்னால் ஒரு பெரிய ஆண், பக்கமெல்லாம் செங்கோடு ஏறி, கருத்துப்போய், வேறு எதையும் நெருங்கவிடாமல் நின்றது.

பெரியவர் என் கையைத் தட்டிக் கரையோரம் காட்டினார். வேருக்கு அடியில், என் கை நீளம்கூட இல்லாத ஒரு டிரவுட், உடம்பெல்லாம் புள்ளி, கடலுக்கே போகாத ஆண். பெண் குழிக்குள் தாழ்ந்து வாயைத் திறந்தது, பெரிய ஆண் பக்கத்தில் வந்து ஒட்டியது, அந்த ஒரு கணத்தில் இந்தச் சின்னது வேருக்கு அடியிலிருந்து பாய்ந்து இரண்டுக்கும் நடுவில் புகுந்து, உடம்பைச் சிலிர்த்துவிட்டு, பெரியது திரும்புவதற்குள் வேருக்குள் ஓடிவிட்டது. தண்ணீரில் பால் மாதிரி ஒரு கலங்கல் தெரிந்து, ஓட்டத்தோடு கரைந்தது. பெண் மீன் குழிக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்து, மறுபடியும் சாய்ந்து, கல்லை அடித்து மூட ஆரம்பித்தது. மழை வலுத்தது. பெரியவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுப்பவில்லை.